கேட்டது இரண்டு ஏச்சுத்தான்

சுனாமி வந்து போன அடுத்த வருடம் மட்டக்களப்பில் செயலமர்வு நடக்காத மண்டபம் கிடையாது. வலை பின்னுகிறவர்களுக்கு ஒன்று, கோழி வளர்க்கிறவர்களுக்கு ஒன்று, பிள்ளை பெற்றவர்களுக்கு ஒன்று. அந்த வரிசையில் பொலிசாருக்கும் சிறைக்காவலர்களுக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர்களுக்கும் இணக்கசபைக்காரர்களுக்கும் சேர்த்து ஒன்று வந்தது. வெளிநாட்டுக் காசு கொழும்பில் ஓர் அலுவலகம், திருகோணமலையில் இன்னோர் அலுவலகம் என்று கை மாறி மாறி, கடைசியில் வாவிக்கரையில் இருந்த ஒரு மண்டபத்தில் வெள்ளைப் பலகையாகவும் மின்விசிறியாகவும் தேநீருக்குக் கடிக்க ரோல்ஸ் பெட்டியாகவும் வந்து இறங்கியது. கூடவே நானும் இறங்கினேன். எனக்கு மொழிபெயர்ப்பு வேலை.

நான் மட்டக்களப்புப் பறங்கிச்சி. அம்மாவின் தலைமுறை வீட்டில் பேசியது உடைந்த போர்த்துக்கீசம். தெருவில் தமிழ். ஆங்கிலத்தைக் கன்னியாஸ்திரிகள் தலையில் குட்டிக் குட்டி ஏற்றினார்கள். கலியாணம் கட்டிய புதிதில் சில வருடம் அம்பாறையில் இருந்தபோது சந்தையில் பேரம் பேசிப் பேசிச் சிங்களமும் வந்துவிட்டது. என் கணவரின் தச்சுப் பட்டறை கடற்கரைப் பக்கம் இருந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் வந்த கடலில் அது போயிற்று. என் தங்கச்சியும் போனாள். பட்டறைக்காக நான் அழவில்லை. தங்கச்சிக்கு இன்றைக்கும் அழுவேன். வீட்டுக்கு ஒரு சம்பளம் வேண்டியிருந்தது, எனக்கு வாய் இருந்தது, சேர்த்துக்கொண்டார்கள்.

கோபம் எனக்கு மூக்கு நுனியில் என்பது ஊரறிந்த விசயம். அந்தத் திட்டத்தில் கோபப்படுவதற்கு விசயம் நிறையவே இருந்தது. நன்னடத்தை அலுவலகத்தில் இருந்த ஒல்லியான அம்மா ஒருவர், "எங்களுக்குக் கம்பியூட்டர் வேணாம், உள்ளூருக்குள்ள போய்வர ஒரு சைக்கிள் தாங்க" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழும்பிச் சொல்வார். நானும் ஒவ்வொரு முறையும் அழகாக ஆங்கிலத்தில் சொல்வேன். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். அடுத்த முறை இன்னொரு கம்பியூட்டர் வரும். மின்சாரம் வருகிற நேரத்தைவிடப் போகிற நேரம் அதிகமாக இருந்த ஊரில் அந்த அம்மா இரண்டு கம்பியூட்டருக்கும் துணியால் உறை தைத்துப் போட்டு வைத்திருந்தார். பொலிசுக்கு மட்டும் மோட்டார் சைக்கிள் கிடைத்தது. கொடுத்தவர்களின் ஸ்டிக்கர் அதில் எவ்வளவு பெரிதாக இருந்ததென்றால், ஓட்டுகிறவரின் முழங்காலே தெரியாது.

இப்படியெல்லாம் சொல்கிறேனே தவிர, அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் மீது எனக்குப் பாசம் உண்டு. சிறைக்காவலர்கள் இரவுக் கடமை முடிந்து நேரே வந்து பின்வரிசையில் தூங்குவார்கள். யாரும் எழுப்புவதில்லை. பாடம் எடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு சட்டத்தரணி அம்மா வருவார். நாங்கள் மேடம் என்போம். மொடமொடப்பான பருத்திச் சேலை, கொதித்தாறின தண்ணீர்ப் போத்தல், வழியெல்லாம் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறின களைப்பு. ஆனாலும் ஒரு நாளும் பிந்தியதில்லை. நல்ல மனுசி. நான் அவரோடு சண்டை பிடித்ததெல்லாம் பிறகு.

முன்வரிசையில் எப்போதும் இருந்தவர் பொலன்னறுவைப் பக்கத்துச் சிங்கள விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு சார்ஜன்ட். வெயிலில் காய்ந்த முகம், கத்தரித்த மீசை, நடுத்தர வயது. பல வருடமாக எங்கள் ஊரில் இருந்ததால் தமிழ் ஓரளவு விளங்கும், கொஞ்சம் பேசவும் வரும். அந்தக் காலத்தில் பொலிஸ் நிலையம் என்றாலே சனம் சுற்றுவழியால் போகும். அதற்குக் காரணங்களும் இருந்தன. ஆனால் இவரிடம் மட்டும் சனம் தானாகப் போகும். ஏனென்றால் இவர் ஏசுவதில் மன்னர்.

புருசன் பெண்சாதிச் சண்டை, வேலிச் சண்டை, மாடு பயிரைத் தின்ற சண்டை எதுவானாலும் இரண்டு பக்கத்தையும் நிலையத்து வாசல் மரத்தடியில் நிறுத்துவார். பிறகு தொடங்குவார். பாதி சிங்களம், பாதி தமிழ். முழுதாக ஒருவருக்கும் விளங்காது. ஆனால் முடியும்போது இரண்டு பக்கமும் தலை குனிந்து நிற்கும். கடைசியில் எல்லோருக்கும் பிளேன்டீ. கிளாசை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் பக்கத்தில் "பொலிசில ஒரு என்ட்ரி போடுறன்" என்று சனம் சொல்வதற்கு அநேகமாக இதுதான் அர்த்தம். வழக்குப் போட வேண்டும் என்று யாரும் போவதில்லை. பெரிய இடத்திலிருந்து இரண்டு ஏச்சு வாங்கிக் கொடுக்கத்தான் போவார்கள்.

மேடம் அந்தப் பழக்கத்தில்தான் கைவைத்தார். "அடிபட்ட ஒரு பெண் நிலையத்துக்கு வருகிறாள். என்ன செய்வீர்கள்?" என்று ஒரு நாள் ஆங்கிலத்தில் கேட்டார். நான் அதையே சிங்களத்தில் கேட்டேன். சார்ஜன்ட் மார்பை நிமிர்த்தி, "அவன் சாரத்தோடு ஒன்றுக்குப் போகிற மாதிரி ஏசி அனுப்புவேன்" என்றார். மண்டபமே சிரித்தது. தூங்கினவர்களும் எழும்பிச் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "சரி, அடுத்த நாள் வீட்டில் என்ன நடக்கும்?" என்று மட்டும் கேட்டார். 

தேநீர் நேரத்தில் சார்ஜன்ட் வாவியைப் பார்த்தபடி என்னிடம் சிங்களத்தில் சொன்னார். "மிஸ், அப்படி ஒருத்தி வந்தாள். ஏசி அனுப்பினேன். பிறகு அவள் வரவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அவள் வர முடியாத நிலைமையில் ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்."  அன்றோடு அவர் ஏசுவதை விட்டார். முறைப்பாடு என்று வந்தால் முழுதாக எழுதுவார். சொத்துத் தகராறென்றால் பத்திரத்தைப் பார்ப்பார். வீட்டுச் சண்டை என்று எழுதினதை, கொடுத்தவரே வந்து கிழித்துப் போடச் சொன்னாலும் கிழிக்க மாட்டார். ஏனென்றால் பயமுறுத்தி வாபஸ் வாங்க வைப்பார்கள் என்று மேடம் படிப்பித்திருந்தார். அது சரியான படிப்பு. இன்றைக்கும் நான் அதைச் சரி என்றுதான் சொல்வேன்.

இந்த நேரத்தில்தான் அந்த மீன்காரன் வந்து சேர்ந்தான்.

வாவியில் வீச்சுவலை வீசுகிறவன். அவன் மனைவி நண்டு விற்கிறவள். கூடையோடு டவுனுக்கு வந்து எங்கள் தெருவிலும் விற்பாள், பொலிஸ் குவாட்டர்ஸ் பக்கமும் விற்பாள். அவளுடைய நண்டைக் குறை சொல்லி யாரும் தப்ப முடியாது. "வேணுமெண்டா வாங்குங்க, வேணாட்டி கையை எடுங்க" என்று ஒரே போடாகப் போடுவாள். எனக்கு அவளைப் பிடிக்கும். கோபத்தில் என் சாதி அது.

மீன்காரன் சார்ஜன்டிடம் சொன்னது இதுதான். மனைவி தன்னை வெளியே போட்டுக் கதவைப் பூட்டிவிட்டாள். வீடு சுனாமி வீடு. தொண்டு நிறுவனம் ஒன்று கட்டிக்கொடுத்தது. பத்திரத்தில் இருப்பது தன்னுடைய பெயர். சார்ஜன்ட் பத்திரத்தைப் பார்த்தார். அவன் பெயர்தான் இருந்தது. படித்த முறைப்படி எழுதினார்: உரிமையாளரை அவருடைய வீட்டுக்குள் போகவிடாமல் தடுத்தல். எழுதி முடித்துவிட்டு ஸ்டிக்கர் மோட்டார் சைக்கிளில் ஏறி என்னைத் தேடி வந்தார், அவளிடம் வாக்குமூலம் எடுக்க ஆள் வேண்டும் என்று.

அவள் நிலையத்துக்குத் தனியாக வரவில்லை. தாய், இரண்டு அக்காமார், தாய்மாமன் என்று ஒரு வேன் நிறைய ஆள் இறங்கியது. திட்டத்தின் காசில் வாங்கிய புது மர வாங்கில் வரிசையாக இருந்துகொண்டார்கள்.

"வீடு யாருடையது?" என்று சார்ஜன்ட் தமிழிலேயே கேட்டார்.

"என்ட."

"பத்திரத்தில கணவர் பேர் இருக்கு."

"பேரு இரிந்தா? அரிசிக் கூப்பன் மட்டையிலயும்தான் அவர்ர பேரு முதல்ல இரிக்கி. அதுக்காக சோத்த அவரா ஆக்குறாரு?" அவள் என் பக்கம் திரும்பினாள். "மிஸ், நீங்க சொல்லுங்க. வளவு எங்கட அம்மா எனக்குச் சீதனமாத் தந்தது. பழைய ஊடும் என்ட, புது ஊடும் என்ட. அவரு கலியாணம் முடிச்சு எங்கட ஊட்டுக்கு வந்த ஆளு."

வெளியூர்க்காரர்களுக்கு இதை நான் பல முறை விளக்கியிருக்கிறேன். மட்டக்களப்புத் தமிழர்களிடம் வீடு மகளுக்கு. தாயின் வளவு, அதாவது வீடு நிற்கிற காணி, பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரியும். மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்குப் போவான். சண்டை வந்தால் சாரத்தைச் சுருட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவது அவன்தான். கோபம் தணிந்தால் திரும்பி வருவதும் அவன்தான். எனக்கு இந்த விசயத்தில் எப்போதும் பொறாமை. நானோ மாமியார் வீட்டில் இருந்தவள். சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் மூன்று பேரிடம் கேட்க வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுக்க வந்தவர்கள் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள். கேட்டால் எங்கள் பெண்கள் மரியாதைக்குப் புருசன் பெயரைத்தான் சொல்வார்கள். வீட்டுக்காரர் யார் என்று கேட்டிருந்தால் தங்கள் பெயரைச் சொல்லியிருப்பார்கள். அப்படி ஒருவரும் கேட்கவில்லை. பழைய காணி உறுதிப் பத்திரத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்த ஒரே பத்திரத்தில் அவன் பெயர் ஏறிவிட்டது. கரையோரம் முழுக்க இதே கதைதான். சண்டை வரும்வரைக்கும் யாருக்கும் அது உறைக்கவில்லை.

சண்டை எப்படி வந்தது என்று கேட்டேன். முற்றத்துப் பூவரசு மரத்தின் கொப்புகளை அவன் வெட்டிவிட்டானாம், தோணிக்குக் கொட்டில் போட. அவள் கத்தியிருக்கிறாள். அவன் கொஞ்சம் குடித்திருந்தான். "இது என்ட ஊடு, பத்திரத்தப் பாரு" என்று சொல்லிவிட்டான்.  அவனுடைய வலையையும் சாரத்தையும் ரேடியோவையும் எடுத்து வேலிக்கு வெளியே ஒழுங்கையில் வைத்துக் கதவைப் பூட்டினாள். அவன் வழக்கப்படி தாய் வீட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது கதவு திறக்கவில்லை. கள்ளுத் தவறணையில் யாரோ, "பத்திரம் உன்ட பேரில, ஒரு என்ட்ரி போடுடா" என்று மந்திரம் ஓதிவிட்டார்கள்.

வாக்குமூலம் எடுத்த அன்று அவனும் வாசலில் நின்றான். மாமியாரையும் தாய்மாமனையும் கண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். விசயம் சமரசம் பேசுகிற இணக்கசபைக்குப் போகும், அங்கேயும் தீராவிட்டால் நீதிமன்றம் என்று சார்ஜன்ட் சொன்னதும் அவன் தூணை விட்டு முன்னுக்கு வந்தான்.

"சேர், நான் கேட்டது ரெண்டு ஏச்சுத்தான். அவவக் கொஞ்சம் வெருட்டி, கதவத் திறகா எண்டு சொல்லுவீங்க எண்டுதான் வந்த நான். கோடு கச்சேரியெல்லாம் நான் கேக்கலியே. அத வெட்டி உடுங்க சேர்."

"வெட்ட ஏலாது" என்றார் சார்ஜன்ட். அவருக்கு அழுகை வராத குறை. அவனும் அவளும் போன பிறகு என்னிடம் சிங்களத்தில், "மிஸ், பழைய மாதிரி ஒரு ஏச்சு ஏசியிருந்தால் இது அன்றைக்கே முடிந்திருக்கும், இல்லையா?" என்று கேட்டார்.

"முடிந்திருக்கும்" என்றேன். "ஆனால் வருகிறவர்களில் எது இது, எது ஆஸ்பத்திரியில் கிடந்தவளுடையது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றும் கேட்டேன். அவர் பிளேன்டீயை முழுதாகக் குடிக்காமல் எழும்பிப் போனார்.

கொழும்பு மேடத்துக்கு மட்டும் ஒரே சந்தோசம். பொலிஸ் படித்தபடி எழுதியிருக்கிறது, இணக்கசபை படித்தபடி பேசப் போகிறது, நேரில் வந்து பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா என்றார். மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி நான் கேட்டேன், இணங்காவிட்டால் என்ன ஆகும் என்று. அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"நீதிமன்றம் பத்திரத்தைத்தான் பார்க்கும். பத்திரத்தில் வீடு அவருடையது. அவர் பிடிவாதமாக நின்றால் அவள் வெளியேற வேண்டி வரலாம்."

"அவன் அப்படி நிற்க மாட்டான்."

"அவர் நிற்காவிட்டாலும், அவரைச் சேர்ந்தவர்கள்?"

 அவனுக்கு அண்ணன்மார் இரண்டு பேர். சுனாமியில் வீடு போய், தகரக் கொட்டிலில் பிள்ளைகுட்டியோடு வெந்துகொண்டிருந்தவர்கள். தம்பியின் பெயரில் ஒரு கல்வீடு இருக்கிறது என்பது அதுவரை அவர்களுக்குத் தோன்றவில்லை. இப்போது பொலிசே எழுதிக் கொடுத்துவிட்டது. அவர்களையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மூன்று பிள்ளைகளோடு அந்த நண்டுக்காரி தன் தாயின் வளவிலிருந்து இறங்கி நடப்பதை நினைத்தேன். பிரித்த பார்சலைத் திரும்பச் சுற்றி வைத்தேன்.

இணக்கசபை ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறையில் கூடியது. சின்னப் பிள்ளைகளின் கதிரைகள். தவிசாளர் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். எதையும் முத்திரை குத்துகிற மாதிரி நிதானமாகச் செய்கிற மனுசன். இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு பேர். மேடம் பின்னால், அவர் காதருகில் நான். சார்ஜன்ட் சீருடை இல்லாமல் வந்து கதவோரம் நின்றார். அவர் வர வேண்டிய தேவையே இல்லை.

போஸ்ட் மாஸ்டர் படித்தபடியே செய்தார். தீர்ப்புச் சொல்லவில்லை, புத்தி சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் அவளைப் பேசச் சொன்னார். அவள் வழக்கமான சத்தத்தில் தொடங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்தது.

"அண்டைக்குத் தண்ணி வரக்குள்ள இவரு வாவியில. நானும் கடைசிப் புள்ளயும் அந்தப் பூவரசிலதான் தொங்கினம். தண்ணி வடியுமட்டும் அந்தக் கொப்பு எங்களத் தாங்கிச்சு. மறுகா இவரு வந்து என்னையும் புள்ளையையும் இறக்கினாரு. கேட்டுப் பாருங்க. அந்தக் கொப்பத்தான் வெட்டினாரு. வெட்டினது கூடக் காரியமில்ல. என்ட ஊடு எண்டு சொன்னாரே, அதத்தான் எனக்குத் தாங்க ஏலாமக் கிடக்கு."

நான் இதை மேடத்துக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எழுதுவதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

மீன்காரன் எழும்பி நின்றான். கையில் இருந்த தொப்பியை உருட்டினான். "குடிச்சிருந்த நான். பிழைதான். கொப்பு திரும்பத் தளைக்கும் எண்டு நினைச்ச நான். வேற ஒண்டும் எனக்குச் சொல்லத் தெரியா" என்று சொல்லி இருந்துவிட்டான். இவ்வளவு நேரமும் அவள் அவனைப் பார்க்கவில்லை. அப்போது ஒருமுறை பார்த்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. முடிந்தது, வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

போஸ்ட் மாஸ்டர் இணக்கத்தை எழுதி வாசித்தார்: "கணவர் தமக்குச் சொந்தமான வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் தொடர்ந்து வசிப்பதற்கு அனுமதிக்கிறார்."

"நான் கையெழுத்து வைக்க மாட்டன்" என்றாள்.

 தாய்மாமன், "வையடி புள்ள, முடிச்சுப் போட்டுப் போவம்" என்றார். அவள் அசையவில்லை. "அவரு என்ன அனுமதிக்கிற? கோட்டுக்குப் போனாலும் போவன், இதில வைக்க மாட்டன்" என்றாள். போஸ்ட் மாஸ்டர் பத்திரப்படிதானே எழுதினேன் என்று கையை விரித்தார். அது உண்மைதான். பாடம் அப்படித்தான் சொன்னது.

மேடம் என் தோளைத் தொட்டு, இது வெறும் வசனம், இணங்காவிட்டால் வீடே போய்விடலாம், அவளுக்கு எடுத்துச் சொல் என்றார். அவர் பயந்துதான் சொன்னார். எனக்கும் அதே பயம்தான். ஆனாலும் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது சொன்னபடி தமிழில் சொன்னேன்.

"வசனம்தானே?" என்றாள் அவள். "அப்ப மாத்தி எழுதட்டும்."

இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது என் குரலில் இருந்த சந்தோசத்தை நான் மறைக்கவில்லை. மேடம் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். பத்திரத்துக்கு மாறாக எழுதினால் செல்லாது என்றார் அவர். பத்திரமே பிழை என்றேன் நான். அப்படிச் சொல்ல எனக்கு அங்கே ஒரு உரிமையும் இல்லை. என் வேலை அடுத்தவர் சொல்வதைச் சொல்வது மட்டும். போஸ்ட் மாஸ்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, யாரை முதலில் இணக்குவது என்று யோசிப்பது போல் கண்ணாடியைத் துடைத்தார்.

அப்போதுதான் மீன்காரன் திரும்பவும் எழும்பினான்.

"ஐயா, இப்பிடி எழுதுங்க. அவட ஊட்டில அவ என்ன இரிக்க உடுறா எண்டு எழுதுங்க. நான் முதல்ல வைக்கன்."

தன் மனைவி, அவள் குடும்பம், கொழும்பு மேடம், பொலிஸ் எல்லோருக்கும் முன்னால், ஓர் ஆம்பிளை அப்படிச் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேடத்தைப் பார்த்தார். மேடம் சற்று யோசித்துவிட்டு, இரண்டு பக்கமும் மனம் ஒத்துச் சொன்னதை எழுதத் தடை இல்லை என்று மெதுவாகச் சொன்னார். அப்படியே எழுதினார்கள். அவன் முதலில் வைத்தான். அவள் அதை எழுத்துக்கூட்டி முழுதாக வாசித்துவிட்டுத்தான் வைத்தாள். வெளியே வந்ததும் சார்ஜன்ட் அவனைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார். குடியைப் பற்றி, மரத்தைப் பற்றி, தவறணைச் சட்டத்தரணிகளைப் பற்றிப் பாதி சிங்களத்தில் பாதி தமிழில் வயிறார ஏசினார். அவன் தலை குனிந்து சந்தோசமாக வாங்கிக்கொண்டான். மேடம் பார்த்தும் பார்க்காதது போல் வாகனத்தில் ஏறினார்.

ஆனால் வீட்டுப் பத்திரத்தில் பெயர் மாறவில்லை. இணக்கசபைக்கு அந்த அதிகாரம் இல்லை. கட்டிக் கொடுத்த நிறுவனம் ஊரை விட்டுப் போய்விட்டது. பிரதேச செயலகத்தில் கேட்டால் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். அவள் அதற்குப் பிறகும் எங்கள் தெருவுக்கு நண்டு கொண்டுவருவாள். "பேரு மாறினதா?" என்று கேட்பேன். "இல்ல மிஸ். இவருக்கு ஒண்டு நடந்தா இவர்ர அண்ணன்மாரு நாளைக்கே வந்து நிப்பானுகள்" என்பாள். சொல்லிவிட்டு நண்டின் காலை நூலால் இறுக்கிக் கட்டுவாள்.

பிறகு யுத்தம் திரும்ப மூண்டது. வாவிக்கு அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் பீரங்கிச் செல்லடிக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு இந்தப் பக்கம் வந்தது. பயிற்சி நடந்த மண்டபத்தில் குடும்பங்கள் பாய் விரித்துப் படுத்தன. வெள்ளைப் பலகையில் பிள்ளைகள் படம் கீறினார்கள். திட்டம் தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிற்று. மேடத்திடமிருந்து அதற்குப் பிறகும் நத்தாருக்கு வாழ்த்து வரும். ஸ்டிக்கர் மோட்டார் சைக்கிள் ஒரு கண்ணாடி இல்லாமல், ஸ்டிக்கர் பாதி உரிந்து, கடைசிவரை ஓடியது. நன்னடத்தை அலுவலகத்து அம்மாவுக்கு யாரோ ஒரு பாதிரியார் பழைய சைக்கிள் ஒன்று கொடுத்தார்.

யுத்தம் முடிந்த பிறகு ஊர் ஊராக நடமாடும் சேவை வைத்தார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி, வீடு எல்லாம் ஒரே இடத்தில். கொழும்பிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பள்ளிக்கூட முற்றத்தில் நின்ற வரிசையை நான் மறக்க மாட்டேன். அநேகம் பெண்கள். புருசனுடைய மரணச் சான்றிதழுக்கு வந்தவர்கள். காணாமல் போனவனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மாட்டேன் என்று அழுதவர்கள். காலையிலிருந்து அதையே இரண்டு மொழியிலும் சொல்லிச் சொல்லி என் நாக்கு உலர்ந்துபோயிற்று. அந்தப் பெண்களுக்கு நடுவில் அந்த மீன்காரன் நின்றான். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. அவள் வெளியே, வாசல் படலையடியில், வந்த இடத்திலும் சும்மா இருக்க மனமில்லாமல் நண்டு விற்றுக்கொண்டிருந்தாள். ஒழுங்கு பார்க்க வந்திருந்த சார்ஜன்ட் அவனைக் கண்டு சிரித்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார்.

முறை வந்ததும், வீட்டை மனைவியின் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றான் மீன்காரன். அதிகாரி இளைஞர், அமைதியான ஆள், அவரும் களைத்திருந்தார். காரணம் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"பிரிந்துவிட்டீர்களா?"

"இல்ல சேர்."

"கடன் ஏதும் இருக்கிறதா?"

"இல்ல சேர். அது அவட ஊடு."

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். அவனுக்கு நல்லதைத்தான் நினைத்தார் என்று நம்புகிறேன். "அவரிடம் நன்றாக விளங்கப்படுத்துங்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு திருப்பிக் கேட்க முடியாது. அதற்குப் பிறகு அவருக்கென்று என்ன இருக்கும்?" என்றார்.

சொன்னேன்.  மீன்காரன் வரிசையில் நின்ற பெண்களை ஒருமுறை பார்த்தான். பிறகு படலைப் பக்கம் பார்த்தான். அங்கே அவள் யாரோ ஒருவருடைய கையைக் கூடையிலிருந்து தட்டிவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ இரிக்கிறாதானே சேர்" என்றான்.

அதிகாரி என்னைப் பார்த்தார்.  அந்த இரண்டு வார்த்தையைச் சிங்களத்தில் சொல்ல முடியாமல் நான் தலை குனிந்து நின்றேன். சார்ஜன்ட்தான் எனக்காகச் சொன்னார். அதிகாரி பேனையை எடுத்து, அவளுடைய முழுப் பெயரைக் கேட்டார்.